பேரு போடாதே தம்பி!

ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்த புதிதில் முதன்முதலாக நீங்கள் கற்றுக்கொண்டது எது? டைப்பிங், கணக்குத் தாள் என்றெல்லாம் கதை விடாதீர்கள். சீட்டாட்டம்! சாலிடேர்! (வயது முப்பதுக்குக் கீழே என்றால் அப்பாவைக் கேளுங்கள். அவரும் முதலில் மறுப்பார்.) மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சுருக்கிவிட்டு, எதிரே இருக்கும் ஃபைலைப் பிரித்து நெற்றியைச் சுளிக்கும் கலையில் இந்தியா முழுவதும் ஒரு தலைமுறையே தேர்ச்சி பெற்றது.

அந்தச் சீட்டாட்டத்தை எழுதியது யார்?

பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒன்பது பேர், "அதெல்லாம் யாராச்சும் எழுதுவாங்களா? கம்ப்யூட்டரோடயே வர்றதுதானே?" என்றார்கள். பத்தாமவர் "பில் கேட்ஸ்" என்றார்.

எழுதியவர் வெஸ் செர்ரி. 1988-ல் மைக்ரோஸாஃப்டில் பயிற்சிக்கு வந்த மாணவர். பொழுதுபோகாமல் எழுதினார். சீட்டுகளின் படத்தை வரைந்தவர் சூஸன் கேர். 1990-ல் விண்டோஸ் 3.0 வெளிவந்தபோது கூடவே சாலிடேரும் உலகத்து மேஜைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. செர்ரிக்குக் கிடைத்த ராயல்டி? சுழி. இன்னொரு புண்ணிய காரியமும் செய்து வைத்திருந்தார் மனிதர். ஒரு பட்டனைத் தட்டினால் சீட்டுக்கட்டு மறைந்து, திரையில் ஏதோ மும்முரமான ஆபீஸ் வேலை நடப்பதுபோல் ஒரு படம் வரும். கம்பெனி அதைக் கண்டுபிடித்து எடுக்கச் சொல்லிவிட்டது. உலகத்து குமாஸ்தாக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அவர் ஆப்பிள் தோட்டம் போட்டு, ஆப்பிள் சாராயம் காய்ச்சப் போய்விட்டார்.

இப்படிக் காணாமல் போனவர்களைத் தேடுவதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. இதற்குக் காரணம் என் ஊர்.

ஊர் ஜலகண்டாபுரம். சேலத்தில் பஸ் ஏறினால் தாரமங்கலம் தாண்டி வரும். இறங்கினதும் காதில் விழுவது தறிச் சத்தம். இங்கே சேலையின் முந்தானையில் மயில் வருவதற்கு ஜக்கார்டு பெட்டி என்று தறிக்கு மேலே ஒன்றை ஏற்றியிருப்பார்கள். மாலை மாதிரி கோத்த அட்டைகள் அதில் ஒவ்வொன்றாக நகரும். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு நூல் மேலே ஏறும், இல்லாத இடத்தில் ஏறாது. ஒரு ஊடை ஓட்ட ஒரு அட்டை. உண்டு, இல்லை, உண்டு, இல்லை. இதே சமாசாரத்தைத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் ஒன்று, சைபர் என்று சொல்லிக்கொண்டு நம்மைப் பயமுறுத்துகிறார்கள். பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் இதை 1804-ல் செய்தார். சார்லஸ் பாபேஜ் அதைப் பார்த்துத்தான் தன் கணக்கு மெஷினுக்கு அட்டை வைக்க யோசித்தார். சுமார் 24,000 அட்டைகள் கோத்து நெய்த ஜக்கார்டின் பட்டுப் படம் ஒன்று பாபேஜ் வீட்டில் இருந்தது.

எங்கள் தெருவில் அட்டை குத்துகிற பெரியவர் ஒருவர் இருந்தார். சின்ன வயதில் அவரிடம், "இந்த மயிலு நீங்க போட்டதுங்களா தாத்தா?" என்று கேட்டிருக்கிறேன். "நான்தான் போட்டேன். ஆனா பொடவைல கட்றவங்க பேரும் இருக்காது, குத்துனவன் பேரும் இருக்காது. கடைக்காரன் பேருதான் பொட்டி மேல இருக்கும்" என்றார். கசப்பாகவெல்லாம் சொல்லவில்லை. விலைவாசி சொல்வதுபோல் சொன்னார்.

சரி, கேஸட்டுக்கு வருவோம்.

1980-களின் தொடக்கத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் என்று ஒரு ஜாதி கிளம்பியது. 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் ஒன்றைக் கொண்டுவந்தார். ஸ்பெக்ட்ரம் என்று பெயர். அழிரப்பர் மாதிரி மெத்தென்ற பட்டன்கள். திரை கிடையாது, வீட்டு டி.வி.யில் செருக வேண்டும். விலை 125 பவுண்டு. அன்றைய கணக்கில் நம் பணம் இரண்டாயிரம் ரூபாய் சொச்சம். பெரிய மாடலில் நினைவகம் 48 கே. உங்கள் போனில் எடுக்கும் ஒரே ஒரு செல்ஃபியை அடைக்க இந்த மாதிரி ஐம்பது அறுபது மெஷின் வேண்டும்.

இதில் விளையாட்டை எதில் வைப்பது? பாட்டுக் கேட்கிற அதே கேஸட்டில்தான். சைபருக்கு ஒரு குட்டை அலை, ஒன்றுக்கு இரண்டு மடங்கு நெட்டை அலை. டேப்பைப் போட்டால் 'க்ரீ...ச்' என்று பல் கூசும். நான்கைந்து நிமிடம் அப்படிக் கத்திவிட்டு, அம்மா சமையலறையிலிருந்து "அதை நிறுத்தித் தொலைடா" என்று சொல்லும் நேரத்தில் விளையாட்டு ஆரம்பிக்கும். நடுவில் டேப் லேசாக இழுத்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து கத்த விட வேண்டும்.

யூகோஸ்லாவியாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வோயா அன்டோனிச் என்பவர் 1983-ல் காலக்ஸியா என்று வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர் ஒன்றை வடிவமைத்து, அதன் செய்முறையைப் பத்திரிகையில் போட்டுவிட்டார். ஸோரன் மோட்லி என்ற ரேடியோ அறிவிப்பாளர் தன் நிகழ்ச்சியில் அந்தக் க்ரீச் சத்தத்தை ஒலிபரப்பினார். ஜனங்கள் ரேடியோவிலிருந்து டேப்பில் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி விளையாடினார்கள். திருச்சி வானொலி நிலையத்தில் வயலும் வாழ்வும் முடிந்ததும் ஐந்து நிமிடம் அந்தச் சத்தம் வந்திருந்தால் நம்ம ஊரில் எத்தனை ரேடியோ உடைந்திருக்கும்!

இந்த விளையாட்டுகளை எழுதியவர்கள் யார் என்கிறீர்கள்? பெரும்பாலும் மீசை அரும்பாத பையன்கள். படுக்கையறையில் உட்கார்ந்து எழுதி, தாங்களே கேஸட்டில் பதிவு செய்து, அட்டையில் அப்பா வீட்டு விலாசத்தைப் போட்டு, தபாலில் விற்றார்கள். இன்றைக்குத் தேடுபவர்களுக்கு முதல் துப்பே அந்த விலாசம்தான். போய்க் கதவைத் தட்டினால் அங்கே வேறு யாரோ இருப்பார்கள்.

சாமர்த்தியத்துக்கு ஒரே ஒரு சான்று சொல்கிறேன். ஸ்பெக்ட்ரத்துக்கு முந்தைய சின்க்ளேர் மெஷினில் நினைவகமே ஒரு கே-தான். டேவிட் ஹோர்ன் என்பவர் அதற்குள் செஸ் ஆட்டத்தை அடைத்தார். 672 பைட். இப்போதைய முறையில் ஒரு தமிழ் எழுத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பைட் ஆகும் என்பதால், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பத்தியே அவ்வளவுக்குள் அடங்காது. ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பும் வித்தையெல்லாம் அதில் கிடையாது. ஆனால் உங்களோடு ஆடும்!

இந்தப் பையன்களில் ராஜா, மேத்யூ ஸ்மித். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் வாலஸி என்ற ஊர். 1983-ல், பதினேழு வயதில், எட்டே வாரத்தில் 'மானிக் மைனர்' என்று ஒன்று எழுதினார். சுரங்கத் தொழிலாளி ஒருவன் இருபது குகைகளைத் தாண்டிப் போக வேண்டும். சக்கைப் போடு போட்டது. அடுத்த வருஷம் 'ஜெட் செட் வில்லி'. அதுவும் ஓடு ஓடென்று ஓடியது. இத்தனைக்கும் அதில் ஒரு கோளாறு இருந்தது. பரண் அறைக்குள் போய்விட்டு வந்தால் மற்ற சில அறைகள் கெட்டுப்போய், ஆட்டத்தை முடிக்கவே முடியாது. கம்பெனி முதலில் "அது கோளாறில்லை, கஷ்டமாக இருக்கட்டும் என்றே வைத்தது" என்று சமாளித்துப் பார்த்தது. (எங்கோ கேட்ட குரலாக இல்லை?) அப்புறம் ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டார்கள்.

மூன்றாவது விளையாட்டு வருகிறது, வருகிறது என்றார்கள். வரவே இல்லை. 1988-ல் கம்பெனி மூடப்பட்டது. ஸ்மித் ஆளே காணோம். 'மீன் மார்க்கெட்டில் வேலை செய்கிறார்', 'செத்துப்போய்விட்டார்' என்று ஆளுக்கொரு கதை. 1990-களின் பிற்பகுதியில், அவர் விளையாட்டில் குதித்துக் குதித்து வளர்ந்த பையன்கள் எல்லாம் வேலைக்குப் போய், கையில் இன்டர்நெட் வந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, காணவில்லை நோட்டீஸ் ஒட்டாத குறையாக அவரைத் தேடியது. கடைசியில் தெரிந்தது: மனிதர் 1995 வாக்கில் ஹாலந்துக்குப் போய்ப் பத்துப் பேரோடு பதினொன்றாக ஒரு கூட்டு வாழ்க்கைக் குடியிருப்பில் இருந்திருக்கிறார். 1997-ல் ஊர் திரும்பினார். 2000-க்குப் பிறகு டி.வி.யிலும் விழாக்களிலும் தலைகாட்டினார். பதினேழு வயதில் உலகமே தெரிந்துகொண்ட பெயரைச் சுமந்துகொண்டு முப்பது வயதில் என்ன செய்வது? ஓடிப்போகத்தான் தோன்றும் என்று நினைக்கிறேன்.

தேடவே தேவையில்லாதவர்களும் உண்டு. ஜெஃப் மின்டர் 1982-ல் ஆரம்பித்தார். அம்மா கணக்கு வழக்குப் பார்த்துக்கொள்ள, ஒட்டகமும் லாமாவுமாக விளையாட்டுகள் எழுதித் தள்ளினார். இப்போதும் வேல்ஸ் கிராமத்தில் ஆடு வளர்த்துக்கொண்டு விளையாட்டு எழுதுகிறார். கொடுத்து வைத்த ஜன்மம்.

பெயரைப் போட்டுக்கொள்ளப் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அடாரி கம்பெனி எழுதியவர் பெயரை வெளியே விடாது. வாரன் ராபினெட் என்ற ஊழியர் தன் 'அட்வென்ச்சர்' விளையாட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு ரகசிய அறை கட்டினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைத் தேடி எடுத்துக்கொண்டு சுவருக்குள் நுழைந்தால், அறை நடுவே அவர் பெயர் மின்னும்! வேலையை விட்டுப் போகும்போதும் மூச்சு விடவில்லை. 1980-ல் விளையாட்டு வெளிவந்த பிறகு, ஸால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு பொடியன் கடிதம் போட்டபோதுதான் கம்பெனிக்கே தெரிந்தது.

இதற்கு நேர் எதிர், செக்கோஸ்லோவாகியா. 1969 ஜனவரி 16-ல் யான் பாலாக் என்ற மாணவர் சோவியத் படை புகுந்ததை எதிர்த்துத் தீக்குளித்தார். இருபது வருஷம் கழித்து, 1989-ல் அதே நாளில் பிராக் நகரில் கூடியவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. கொஞ்ச நாளில் கையிலிருந்து கைக்கு ஒரு விளையாட்டு பரவியது. படமே கிடையாது, வெறும் எழுத்து. இண்டியானா ஜோன்ஸ் அந்தச் சதுக்கத்தில் மாட்டிக்கொண்டு போலீஸிடமிருந்து தப்ப வேண்டும். எழுதியவர் தன் உண்மைப் பெயரைப் போடவில்லை. போட்டிருந்தால் அடுத்த ஆட்டத்தை ஜெயிலில்தான் ஆட வேண்டும். யாரோஸ்லாவ் ஷ்வெல்ச் என்ற ஆராய்ச்சியாளர் இப்படிப்பட்ட செக், ஸ்லோவாக் பையன்களையெல்லாம் தேடிப் பிடித்துப் பேசி 2018-ல் ஒரு புத்தகமே போட்டார். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்துப் பக்கம் மெலனி ஸ்வால்வெல் என்ற பெண்மணி இதே வேலையாக அலைந்து 2021-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்.

நம்ம ஊர்ப் பையன்களை யார் தேடுவது?

"நம்ம ஊர்ல ஏதுங்க அப்பல்லாம் கம்ப்யூட்டரு?" என்பீர்கள். இருந்தது ஸார். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதுக் கம்ப்யூட்டர் கொள்கை கொண்டுவந்து வரியைக் குறைத்தது. 1986-ல் புனேயில் டெசிபெல்ஸ் என்ற கம்பெனி அதே ஸ்பெக்ட்ரத்தை லைசென்ஸ் வாங்கி விற்றது. சில ஆயிரம் விற்றது, 1990-ல் சந்தை படுத்துவிட்டது. அதற்கும் முன்னால், 1984-ல் 'க்ளாஸ்' என்ற திட்டத்தில் மத்திய அரசு சுமார் 250 பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தது. ஏகார்ன் கம்பெனியின் பி.பி.ஸி. மைக்ரோ, 32 கே. (இன்று உங்கள் போனுக்குள் இருக்கும் 'ஆர்ம்' சில்லின் பூர்வீகம் இதே ஏகார்ன்தான். ஸோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற அதே இரண்டு பேர் கைவண்ணம்.) அதை இங்கேயே செய்ய முனைந்த மொஹாலி அரசு ஆலை 1989-ல் தீப்பிடித்து எரிந்தது.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வைத்தால் பையன்கள் என்ன செய்வார்கள்? வாத்தியார் வட்டிக் கணக்கு எழுதச் சொல்வார். அவர் டீ குடிக்கப் போனதும் விளையாட்டு எழுதுவார்கள். 250 பள்ளி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதை ஒரு நாள் ஊரில் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். விசைத்தறிக்கு டிஸைன் போட்டுக் கொடுக்கும் அண்ணன் ஒருவர், வடையைப் பிட்டுக்கொண்டே, "நான்கூட ஒண்ணு எழுதினேன்ல" என்றார். எனக்குப் புரையேறிவிட்டது. இருபது வருஷமாகத் தெரிந்த மனிதர்!

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ சென்னையில் மாமா வீட்டில் தங்கிப் படித்தவர். 1987-ல் பள்ளியில் அந்த பி.பி.ஸி. மைக்ரோ.

"என்ன வெளையாட்டுங்ணா?"

"ஆடுபுலி ஆட்டம். மூணு புலி, பதினஞ்சு ஆடு. ஆட்டை நீ வெக்கணும், புலி கம்ப்யூட்டரு. புலிக்கு மூளையே கெடையாது, வெட்ட ஆடு கெடைச்சா வெட்டும், இல்லேன்னா சும்மா சுத்தும். ஆனா புலியை வரைஞ்சிருந்தேன் பாரு..."

அந்த மெஷினில் நம் இஷ்டத்துக்கு ஒரு எழுத்தை உருவாக்க ஒரு கட்டளை உண்டு. எட்டுக்கு எட்டுக் கட்டம். எந்தக் கட்டம் கறுப்பு, எது வெள்ளை என்று வரிக்கு ஒரு எண் வீதம் எட்டு எண் கொடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்க, இவர் ஐந்து நிமிடத்தில் புலியை முடித்தாராம். "எங்கப்பா கட்டத் தாளுல மயிலு போடறதைப் பாத்து வளந்தவன். அறுபத்திநாலு கட்டம்லாம் எனக்கொரு கட்டமா? அது வெறும் பார்டர் புட்டா."

கேஸட் எங்கே என்றேன். அங்கேதான் சோகம். திருத்தித் திருத்தி ஒரே கேஸட்டின் இரண்டாம் பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்து வைத்திருந்தார். லீவுக்கு ஊருக்கு வந்தபோது, அவர் தம்பி அதைக் காலி கேஸட் என்று நினைத்து ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட்டோடு கொடுத்துவிட்டார். இரண்டு பக்கமும் இளையராஜா. "ராஜா சார்ங்கறதால மன்னிச்சுட்டேன்" என்றார்.

ஆனால் கேஸட்டைத் தூக்கிப் போடவில்லை! பாட்டு இருக்கிறதே. பீரோவுக்கு மேலே பழைய பேட்டரி, பம்பரம், கல்யாண ஆல்பத்தோடு கிடந்தது. பட்டையில் லேசாகப் பூஞ்சை. இந்த டேப்புகளெல்லாம் முப்பத்தைந்து, நாற்பது வருஷம் ஆனவை. காந்தப் பூச்சு உதிர்ந்துகொண்டே வரும். எழுதியவர்கள் ஐம்பதுகளில், தேடுகிறவர்களும் ஏறக்குறைய அப்படியே. டேப்பும் மனிதர்களும் போட்டி போட்டுக்கொண்டு வயதாகிறார்கள். சின்க்ளேரே 2021-ல் போய்விட்டார்.

சேலத்தில் வேலை பார்க்கும் அக்கா பையன் பூஞ்சையை மெதுவாகத் துடைத்து, நல்ல நிலையில் உள்ள ப்ளேயரில் போட்டு, முழுக்கக் கம்ப்யூட்டரில் பதிந்தான். இரண்டாம் பக்கம் கடைசிப் பாட்டு முடிந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம்... க்ரீ...ச்! ரெக்கார்டிங் சென்டர்காரர் பாட்டு பத்தாமல் கடைசி ஒரு நிமிடத்தை விட்டு வைத்திருக்கிறார். மகராசன்!

பி.பி.ஸி. மைக்ரோவில் ஒரு நல்ல குணம் உண்டு. புரோகிராமை டேப்பில் 256 பைட் பொட்டலங்களாகக் கட்டி வைக்கும். ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் புரோகிராமின் பெயர், பொட்டலத்தின் எண், சரிபார்க்க ஒரு கணக்கு. அதனால் முன்பாதி ராஜா சாருக்குள் போய்விட்டாலும் பின்பாதியைத் தனியாக அவிழ்க்கலாம். அவிழ்த்தான். பத்துப் பொட்டலம் போச்சு. பதினோராவதிலிருந்து கடைசி வரை ஒன்பது பொட்டலம் பழுதில்லாமல் வந்தது. ஆங்கில எழுத்தில் 'ஆடு' என்று ஒன்பது தலையிலும் பெயர்.

புலி வந்தது. எட்டு எண்ணையும் தாளில் கட்டம் போட்டு நிரப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "வாலு ஒரு புள்ளி தப்பா போட்டிருக்கேன். மேல ஏறணும்" என்றார். முன்பாதியை மறுபடி எழுதித் தந்தால் ஓட்டிவிடலாம் என்று அக்கா பையன் சொன்னதைச் சொன்னேன். "தீவாளி ஆர்டர் முடியட்டும், பாக்கலாம்" என்றவர், மறுநாளே ஃபோன் பண்ணி, பழைய பேஸிக் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

கடைசிப் பொட்டலத்தில் இன்னொரு சமாசாரமும் இருந்தது. புரோகிராமில் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத, மனிதர் படிப்பதற்காக மட்டும் எழுதும் குறிப்பு வரி ஒன்று உண்டு. அண்ணன் புரோகிராமின் கடைசி வரி அதுதான். 'எழுதியவர்' என்று போட்டு, தன் பெயரையும் பக்கத்தில் இன்னொரு பெயரையும் எழுதியிருந்தார். கூடப் படித்த பையனா என்று கேட்க வாயெடுத்தவன், பெயரை மறுபடி படித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அண்ணியின் பெயர் அது இல்லை.

தாளை வாங்கி நாலாக மடித்து மேல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "எழுதறதுன்னா எழுதிக்கோ. பேரு மட்டும் போடாதே தம்பி" என்றார்.

போடவில்லை.